பொழுது சாயும்போது இமை சாய்கிறதா?

காலையில் பிரட்டுக்கு நல்லாத்தான் நிற்கிறார். பொழுது சாயச் சாய இமை தொங்குது, சோறு மெல்ல முடியலே. சோம்பேறி என்று ஏசாதீர்கள், 'மயஸ்தீனியா'வாக இருக்கலாம்.

நரம்பின் சேதியைப் பிடிக்கத் தசைமேல் 'ஏற்பிகள்' உண்டு. செல்லுக்குள்ளே தயாராகி மேலே வந்து உட்காரும். பழசானதைச் செல்லே உள்ளே இழுத்து அழிக்கும். இந்நோயில் நம் எதிர்ப்புச் சக்தியே அவற்றைப் பிணைத்துவிட, அழிவு வேகமாகிறது. ஏற்பி குறைந்த தசை, வேலை செய்யச் செய்யத் தளர்கிறது. 1973-லேயே இக்குறைவைக் கண்டுபிடித்தார்கள்.

சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் சொல்லி வையுங்கள்: லிட்டில் இந்தியாவுக்குக் கிட்டத்தில், டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில், 1999-ல் தொடங்கிய தேசிய நரம்பியல் கழகம் இருக்கிறது. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை பலருக்கு நன்றாகக் கேட்கும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.