மருந்து அதேதான், ஏற்றும் விதம்தான் வேறு

மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கின் ஒரு கிராம் குப்பியில் இருப்பது வெள்ளைத் தூள். அதைக் கரைத்து அரை மணி நேரத்தில் ஏற்றிவிட்டு, எட்டு மணி நேரம் கழித்து அடுத்த டோஸைப் போடுவது ஐசியுக்களில் நெடுநாள் வழக்கம். அதே மருந்தை, அதே அளவில், பம்ப் வைத்து நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு கூடுமா?

கூடும் என்று நம்பக் காரணம் உண்டு. பெனிசிலினும் மெரோபெனமும் அடங்கிய பீட்டா-லாக்டம் குடும்ப மருந்துகளைப் பொறுத்தவரை, அவை ரத்தத்தில் எவ்வளவு உச்சத்துக்குப் போகின்றன என்பதைவிட, கிருமியைக் கொல்லும் அளவுக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்பதே முக்கியம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு மெரோபெனம் சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

ஐசியு நோயாளியின் உடம்போ பாடப்புத்தகக் கணக்குக்கு அடங்காது. தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றும் செப்சிஸில் ரத்தக் குழாய்கள் கசிகின்றன, லிட்டர் கணக்கில் சலைன் ஏறுகிறது, மருந்து நீர்த்துப்போகிறது. விபத்தில் அடிபட்ட இளைஞருக்குச் சில நேரம் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றிவிடும். பக்கத்துக் கட்டிலில் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதே டோஸ் தேங்கி, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய பிளிங் 3 ஆய்வு, மலேசியா உட்பட 7 நாடுகளின் 104 ஐசியுக்களில், 7,000-க்கும் மேற்பட்ட செப்சிஸ் நோயாளிகளிடம் தொடர்ந்து ஏற்றும் முறையைச் சோதித்தது. முடிவு 2024 ஜூனில் வந்தது. தொடர்ந்து ஏற்றியவர்களில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 24.9 சதவீதம், விட்டுவிட்டு ஏற்றியவர்களில் 26.8. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் தீரவில்லை. ஆனால் அதே மாதம், 18 ஆய்வுகளின் 9,108 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் தெளிவாகச் சொன்னது: இப்படி ஏற்றினால் ஏறக்குறைய 26 பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார்.

செய்முறையில் கவனம் வேண்டும். முதல் டோஸை முழுதாக உடனே கொடுத்துவிட்டுத்தான் பம்பைத் தொடங்க வேண்டும். கரைத்த மெரோபெனம் அறை வெப்பத்தில் சில மணி நேரத்தில் வீரியம் இழப்பதால், அவ்வப்போது புதிதாகக் கரைக்க வேண்டும். அதோடு சேராத மருந்துகளுக்குத் தனி லைன் தேவை. சிறுநீரக நிலவரம் பார்த்து அளவை மாற்ற வேண்டும். வசதியுள்ள இடங்களில் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்க்கலாம்.

புது மருந்து எதையும் வாங்க வேண்டியதில்லை. பம்பும், நேரம் தவறாமல் மருந்தை மாற்றப் போதுமான செவிலியர்களும் இருந்தால் போதும். அந்தப் பணியிடங்களைக் காலியாக வைத்திருக்கும் மருத்துவமனைகள் முதலில் அவற்றை நிரப்பட்டும்.