தேனும் கணிப்பொறியும்



தேன் மருந்துக்கு ஆகும். கணிப்பொறிக்கும் ஆகும் என்று சொன்னால், "என்ன சார், காதுல பூ சுத்துறீங்களா?" என்பீர்கள். இல்லை, விஷயம் இருக்கிறது.

கணிப்பொறியில் நினைவில் வைக்கும் பகுதி வேறு, கணக்குப் போடும் பகுதி வேறு. மார்க்கெட்டில் கிட்டங்கி ஒரு மூலை, எடை போடுவது இன்னொரு மூலை என்றால், மூட்டை தூக்கியே ஆள் களைத்துப்போவார் அல்லவா? அப்படித்தான், தகவலைச் சுமப்பதிலேயே கணிப்பொறிக்கு மின்சாரம் நிறையச் செலவாகிறது. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். அவற்றின் இணைப்புகளிலேயே நினைவு, கணக்கு இரண்டும் நடக்கின்றன. செலவு சுமார் 20 வாட்தான்.

அந்த இணைப்பைப் போல வேலை செய்யும் கருவிக்கு மெம்ரிஸ்டர் என்று பெயர். இப்படி ஒன்று இருக்க முடியும் என்று 1971-ல் லியோன் சுவா என்ற அறிஞர் கணக்கிட்டுச் சொன்னார். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் மெல்ல ஊரும். தடம் விழுந்தபின் அடுத்த தண்ணீர் வேகமாக ஓடும். மெம்ரிஸ்டரிலும் மின்சாரம் போன தடம் நிற்கிறது. அதுவே அதன் நினைவு.

2022-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபெங் ஜாவோ குழுவினர், தேனைக் கெட்டியாக்கி இரண்டு உலோக முனைகளுக்கு நடுவில் வைத்து இதைச் செய்து காட்டினார்கள். அகலம் தலைமுடி அளவு. ஒரு நொடியைக் கோடி பங்காக்கினால், ஒரு பங்கில் 'ஆன்', ஐந்து பங்கில் 'ஆஃப்' ஆகிறது. சோற்றுக்கற்றாழையிலும் முயன்றிருக்கிறார்கள். தேனில் ஈரம் குறைவு; கிருமி பிழைக்காது, கெடாது. வேலை முடிந்தால் தண்ணீரில் கரைந்துவிடும்.

கரைவதில் என்ன லாபம்? 2022-ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. முறையாக மறுசுழற்சிக்குப் போனது கால் பங்குக்கும் குறைவு. பழைய டி.வி., செல்போன் போர்டுகளில் ஈயம் இருக்கும். அவற்றைத் தோட்டத்தில் கொளுத்தாதீர்கள், பாழுங்கிணற்றில் போடாதீர்கள். அந்த விஷம் நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் வரும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது இன்னும் ஆய்வுக்கூடத்துச் சங்கதி. கருவிக்குத் தேவைப்படுவதும் துளியிலும் துளி. "கம்ப்யூட்டருக்கு வாங்கிக்கிறோம், கற்றாழை போடுங்க, முன்பணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால் நம்பி ஏமாறாதீர்கள்.

தேனீயால் வரும் லாபமோ இன்றைக்கே உண்டு. நம் திண்டுக்கல் பக்கத்து முருங்கை, தென்னந்தோப்புகளில் பெட்டி வைத்தால் காய்ப்பு கூடும். பூக்கும் சமயம் காலையில் மருந்து அடிக்காதீர்கள். அவசியமானால் பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். மெழுகு மூடிய அடையில் மட்டும் தேன் எடுங்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேன் புளித்துப்போகும், விலையும் போகாது.