மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ்

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (பிப்ரவரி 28, 1969 – செப்டம்பர் 19, 2014) கருநாடக இசைக்கலைஞர். ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்தார். ஜாஸ் கலைஞர்களோடும் இணைந்து வாசித்தவர்.

மாண்டலின் ஓர் ஐரோப்பியக் கருவி. யுகுலேலே போலக் கைக்கு அடக்கமானது; ஆனால் இரட்டை இரட்டையாக எட்டு உலோகத் தந்திகள் கொண்டது. மீட்டிய ஒலி சட்டென அடங்கிவிடும். திரையிசைக்கு அது போதும், கமகத்திற்குப் போதாது. சுரத்தை அசைக்கவும் இழுக்கவும் இரட்டைத் தந்தி இடம் கொடுக்காது. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டார். ஒலி நீண்டது, கமகம் வந்தது.

அவருக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கருவியில் தேடிப் பிடிப்பான். பிற்காலத்தில் ஸ்ரீநிவாசின் வாசிப்பில் வாய்ப்பாட்டின் சாயல் தெரிந்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

1983இல், 14 வயதில், மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். 1995இல் கனடியக் கிட்டார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் 'டிரீம்' இசைத்தொகுப்பு வந்தது. பின்னர் ஜான் மெக்லாலின், ஜாகிர் உசேன் ஆகியோரின் 'ரிமெம்பர் சக்தி' குழுவில் சேர்ந்தார். ஜாஸ் மேடைக்காக அவர் தம் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. ராகத்திற்குள் நின்றபடியே மெக்லாலினின் கிட்டாருக்கு மறுமொழி கொடுத்தார்.

1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் சென்னையில் 45 வயதில் காலமானார். தம்பி யு. ராஜேஷும் மாண்டலின் கலைஞரே.