பின்னால் வருகிறவருக்கான வெளிச்சம்

வாகனத்தின் விளக்கு என்றதும் எல்லோருக்கும் ஹெட்லைட்தான் நினைவுக்கு வருகிறது. அது மங்கினால் அன்றைக்கே கராஜுக்குப் போகிறோம். பார்க் லைட், பிரேக் லைட், சிக்னல், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட் ஆகியவற்றின் நிலை அப்படியல்ல. சாரதி ஆசனத்தில் இருந்து பார்த்தால் அவை கண்ணில் படுவதே இல்லை. எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. தெரிய வேண்டியவர்கள் வெளியே இருக்கிறார்கள்: பின்னால் வரும் லொறிக்காரர், எதிரே வரும் முச்சக்கரவண்டிக்காரர், வீதியோரம் நடந்து போகிறவர்.

சப்ரகமுவவின் தோட்டப் பகுதிகளில் இந்தச் சின்ன பல்புகளுக்கு வேலை அதிகம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறும் ஏ-7 வீதி, இரத்தினபுரி, பெல்மடுல்லை, பலாங்கொடை என்று நீளும் ஏ-4 வீதி, கேகாலை, மாவனெல்லை தாண்டிக் கடுகண்ணாவைக்கு ஏறும் ஏ-1 வீதி, இறக்குவானையிலிருந்து புலுத்தொட்ட மலையில் முடக்கு முடக்காக ஏறித் தெனியாயைப் பக்கம் போகும் ஏ-17 வீதி என எல்லாவற்றிலும் மழையும் வளைவும் சேர்ந்தே வருகின்றன. மேலே ஏற ஏற மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது.

பிரதான வீதியை விட்டுத் தோட்டத்து ரோட்டில் இறங்கினால் பெரும்பாலான இடங்களில் தெருவிளக்கு இல்லை, நடைபாதையும் இல்லை. விடியற்காலையில் றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறவர்களும், கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவர்களும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும் வாகனம் ஓடும் அதே தார் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். ஒரு வேன் நிற்கப் போகிறதா, திரும்பப் போகிறதா, பின்னுக்கு வரப் போகிறதா என்பதை அவர்களுக்குச் சொல்லும் ஒரே மொழி இந்த விளக்குகள்தான். அவற்றை எல்.ஈ.டி.க்கு மாற்றுவது நல்ல காரியம். அந்த மாற்றத்தை, வெளியே நின்று பார்க்கிறவரின் கண்ணை வைத்துச் செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

பழைய வாகனங்களின் காலம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாடு முழுவதும் இருக்கிற வாகனத்தையே பழுது பார்த்து ஓட்டியது. தோட்டங்களில் இன்றைக்கும் ஓடுவது பெரும்பாலும் பழைய வேன்களும், சின்ன ஆல்டோக்களும், உழைத்துத் தேய்ந்த முச்சக்கரவண்டிகளும்தான். அவற்றின் பின் விளக்குக் கண்ணாடி வெயிலில் வெளுத்திருக்கும், பல்ப் ஹோல்டர் துருவேறியிருக்கும். டவுனில் உதிரிப்பாகக் கடைக்குப் போனால் கண்ணைப் பறிக்கும் எல்.ஈ.டி. பல்புகள் அட்டையில் வரிசையாகத் தொங்குகின்றன. வாகனத்தில் செய்யக்கூடிய மாற்றங்களில் செலவு குறைந்தவற்றில் இதுவும் ஒன்று என்பதால் பலரும் இதில் இறங்குகிறார்கள்.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த அனுமதியில்லாத அலங்காரங்களையும், வண்ண விளக்குகளையும், காதைக் கிழிக்கும் ஹோர்ன்களையும் கழற்ற வைத்தபோது, ‘எல்.ஈ.டி. போட்டாலே குற்றமா?’ என்ற கேள்வி பல சாரதிகளிடம் எழுந்தது. எந்த நிறம் எந்தப் பக்கம் தெரிகிறது, அது அடுத்தவர் கண்ணைக் கூசச் செய்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, சிக்னல் செம்மஞ்சள். நம் வீதிகளில் எல்லோருடைய கண்ணும் பழகியிருப்பது இந்த ஒழுங்குக்குத்தான். பார்க் லைட்டில் நீலமும் பச்சையும் போடுகிறவர் அந்த ஒழுங்கைக் குலைக்கிறார். மழையில் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது வாகனத்தின் முன்பக்கமா, பின்பக்கமா என்றே தெரியாமல் போகிறது.

எல்.ஈ.டி. ஏன் நமக்குப் பொருந்துகிறது?

முதல் காரணம் நம் ரோடு. சாதாரண பல்புக்குள் இருப்பது மெல்லிய டங்ஸ்டன் இழை. குண்டும் குழியுமான தோட்டத்து ரோட்டில் அது குலுங்கிக் குலுங்கி அறுகிறது. நம்பர் பிளேட் பல்பும் பின் பார்க் லைட்டும் அடிக்கடி போவதற்கு இது முக்கியமான காரணம். எல்.ஈ.டி.யில் அறுவதற்கு இழையே இல்லை.

இரண்டாவது காரணம் வேகம். பிரேக்கை மிதித்ததும் சாதாரண பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. எல்.ஈ.டி. மிதித்த கணமே எரிகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வரும் வாகனம் அந்த 0.2 விநாடியில் கிட்டத்தட்ட மூன்று மீற்றர் ஓடிவிடும். மழையில் வழுக்கும் இறக்கத்தில், பிள்ளைகளை இறக்க நிற்கும் வேனுக்குப் பின்னால், அந்த மூன்று மீற்றர் ஓர் உயிரின் பெறுமதி.

மூன்றாவது மின்சாரம். பின் சிக்னலுக்கும் பிரேக்குக்கும் போடும் சாதாரண பல்ப் 21 வாட். நான்கு சிக்னலும் ஒன்றாக எரியும்போது 84 வாட் இழுக்கிறது. சின்னக் காரின் சின்ன பேட்டரிக்கு அது பாரம். மண்சரிவால் வீதி மூடப்பட்டு, என்ஜினை நிறுத்திவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்கும் அனுபவம் இந்த மாவட்டங்களுக்குப் புதிதல்ல. 2016 மே மாதம் அரநாயக்க மலை சரிந்ததையும், 2017 மே வெள்ளத்தில் இரத்தினபுரி மூழ்கியதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படியான இரவுகளில் எச்சரிக்கை விளக்கு நீண்ட நேரம் எரிந்தாக வேண்டும். எல்.ஈ.டி. அதே வேலையைச் சில வாட்டில் செய்துவிடும்.

முதலில் எர்த், பிறகு பல்ப்

புது பல்ப் வாங்குவதற்கு முன் பழைய ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். ஈரம் குறையாத இந்த ஊர்களில் பல வாகனங்களின் எர்த் வயர் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருக்கும். மின்சாரம் திரும்பிப் போகும் வழி அது. அங்கே தடை கூடினால் பல்புக்குக் கிடைக்கும் வோல்டேஜ் குறையும். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 10.8 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால் குறைவு பத்து வீதம்தான். ஆனால் சாதாரண பல்பின் வெளிச்சமோ ஏறக்குறைய முப்பது வீதம் குறைந்துவிடும். பிரேக்கை மிதித்தால் சிக்னலும் சேர்ந்து மங்கலாக எரிவது, பார்க் லைட் போட்டால் பிரேக் லைட் லேசாக மினுங்குவது போன்ற கோளாறுகளுக்கும் பெரும்பாலும் எர்த்தே காரணம்.

அந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். கண்ணாடியைக் கழற்றி உள்ளே கழுவிக் காயவையுங்கள். கறுத்துப்போன பழைய பல்பை எறிந்துவிட்டு அதே வகையில் புதியதைப் போட்டுப் பாருங்கள். பல வாகனங்களில் பிரச்சினை இத்துடனேயே தீர்ந்துவிடும். எல்.ஈ.டி. போடுவதாக இருந்தாலும் இந்த வேலையைத் தாண்டிப் போக முடியாது. துருப்பிடித்த ஹோல்டரில் எந்தப் பல்பும் நிலைக்காது.

விளக்குக் கண்ணாடியின் றப்பர் வாஷரையும் பாருங்கள். சாதாரண பல்பின் சூடு உள்ளே புகுந்த ஈரத்தை ஓரளவு உலர்த்திவிடும். எல்.ஈ.டி. அந்த அளவுக்குச் சூடாவதில்லை. வாஷர் வெடித்திருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி ஹோல்டரை அரிக்கும்.

சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.ஈ.டி.

அதிகம் நடக்கும் தவறு, சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. போடுவது. நீல எல்.ஈ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய வெள்ளை எல்.ஈ.டி. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்ததுதான். நீல ஒளியை மஞ்சள் பொஸ்பர் பூச்சின் ஊடாக அனுப்பி வெள்ளையாக்குகிறார்கள். அதில் நீலமும் மஞ்சளும் நிறைய, ஆழ்ந்த சிவப்பு குறைவு. சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டுமே வெளியே விடும். கையில் பிடித்துப் பார்க்கும்போது கண்ணைக் கூசிய பல்ப், கண்ணாடியை மூடியதும் வெளிறிய ரோஸ் நிறத்தில் மங்கிப் போவது இதனால்தான். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.ஈ.டி., செம்மஞ்சள் கண்ணாடிக்குச் செம்மஞ்சள் எல்.ஈ.டி. சிக்னல் கண்ணாடி நிறமற்றதாக இருந்தால் பல்ப் கட்டாயம் செம்மஞ்சளாக இருக்க வேண்டும். ரிவர்ஸ் லைட்டுக்கும் நம்பர் பிளேட்டுக்கும் வெள்ளை.

பின் பார்க் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்பில் எரியும் வாகனங்களில் இருப்பது கடைக்காரர்கள் 1157 என்று சொல்லும் இரட்டை இழை பல்ப். ஓர் இழை 5 வாட், மற்றது 21 வாட். அதன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இதற்குப் பதிலாகப் போடும் எல்.ஈ.டி.யில் இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவே தெளிவான வித்தியாசம் இருக்க வேண்டும். பார்க் லைட்டே பிரேக் லைட் போலப் பளிச்சென்று எரிந்தால், பிரேக் பிடித்ததைப் பின்னால் வருகிறவர் எப்படி அறிவார்? மாட்டிய பிறகு ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு இருபது அடி பின்னால் போய் நின்று பாருங்கள். பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். சில எல்.ஈ.டி.கள் நேர் பின்னால் மட்டும் புள்ளியாக எரியும், வளைவில் வருகிறவர் கண்ணுக்குப் படாது.

சிக்னல் வேகமாக அடித்தால்

எல்.ஈ.டி. போட்டதும் சிக்னல் படபடவென்று அடிக்கிறது என்பது கராஜ்களில் தினமும் கேட்கும் முறைப்பாடு. பழைய பிளாஷர் ரிலே, பல்புகள் இழுக்கும் மின்சாரத்தை வைத்தே வேலை செய்கிறது. ஒரு பல்ப் போய்விட்டால் மின்சாரம் குறையும், ரிலே வேகமாக அடித்துச் சாரதிக்கு அறிவிக்கும். எல்.ஈ.டி. இழுப்பதே கொஞ்சம் என்பதால் பல்ப் போய்விட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை அடிக்க வேண்டும் என்பது சர்வதேச ஒழுங்கு.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சிக்னல் வயருக்கு இணையாகக் கட்டுவது. அது 24 வாட்டுக்கு மேல் சூடாக வெளிவிடும். பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டிலோ பட்டால் உருக்கிவிடும் என்பதால் இரும்புத் தகட்டில்தான் பொருத்த வேண்டும். மற்றது, ரிலே தனியாகக் கழற்றக்கூடிய வாகனங்களில், எல்.ஈ.டி.க்கான இலத்திரனியல் பிளாஷரை மாட்டுவது. பழைய வேனுக்கும் முச்சக்கரவண்டிக்கும் இரண்டாவது வழியே சுத்தமானது.

சிக்னலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூடுபனியில் நான்கு சிக்னலையும் அடிக்கவிட்டபடி ஓட்டும் பழக்கம் நம் மலை வீதிகளில் பரவியிருக்கிறது. அப்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஓடும்போது பார்க் லைட்டும் தாழ்ந்த ஹெட்லைட்டும் போதும். நான்கு சிக்னலும் வாகனம் நின்றுவிட்டால் மட்டுமே.

ஹெட்லைட்டைத் தொடவேண்டாம்

சின்ன பல்பை மாற்றிய உற்சாகத்தில் ஹெட்லைட்டிலும் எல்.ஈ.டி. பல்பைச் செருகுகிறவர்கள் உண்டு. ஹெட்லைட்டின் பிரதிபலிப்பான் இழை இருக்கும் இடத்தை மில்லிமீற்றர் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது. வெளிச்சம் பிறக்கும் இடம் சற்று மாறினாலும் கதிர் மேலே சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். ஜெர்மனியிலேயே 2020 இல்தான் ஒஸ்ராம் நிறுவனத்தின் எச்-7 எல்.ஈ.டி. பல்புக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது, அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். மூடுபனியில் நம் முடக்குகளில் எதிரே வரும் லொறிச் சாரதியின் கண் ஒரு கணம் இருண்டால், ஆபத்து நம்மோடு மட்டும் நிற்காது. வீதியோரம் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

செலவுக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டுக்கு, சின்ன விளக்குகளைச் சரிசெய்ய ஒரு வரிசை சொல்லலாம். முதலில் எர்த்தும் கண்ணாடியும். அடுத்து பிரேக் லைட், உயிர் காப்பது அதுதான். பிறகு பின் பார்க் லைட்டும் ரிவர்ஸ் லைட்டும். ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் தேயிலை மேடுமாக உள்ள ரோட்டில் பின்னுக்கு எடுக்கும்போது நல்ல வெள்ளை வெளிச்சம் பெரிய துணை. சிக்னல் கடைசியில், பிளாஷரோடு சேர்த்து. வாரம் ஒரு தடவை வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி எல்லா விளக்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேனும் முச்சக்கரவண்டியும் இதைத் தினமும் செய்ய வேண்டும். பெற்றோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான். செய்யச் சொல்வதற்கு வெட்கப்படத் தேவையில்லை.