தீயைத் தாங்கும் பூச்சும் கணினியின் தேடலும்

தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உலர்த்துவதற்கு வெப்பக்காற்றைத் தரும் அடுப்பைப் பதுளை, பண்டாரவளைத் தோட்டங்களில் வளர்ந்தோர் நன்கறிவர். அதன் உட்புறத்தில் வெப்பந்தாங்கும் செங்கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். இல்லையேல் இரும்புச் சுவர் விரைவில் பழுதாகிவிடும். விமான இயந்திரங்களும் கெரவலப்பிட்டி மின்நிலையங்களில் உள்ளவை போன்ற வாயுச் சுழலிகளும் எதிர்நோக்குவதும் இதே பிரச்சினையைத்தான். ஆனால், அங்கு வெப்பம் பன்மடங்கு அதிகம்.

இச்சுழலிகளின் அலகுகள் நிக்கல் கலப்புலோகத்தாலானவை. அவை ஏறத்தாழ 1,350 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். புதிய இயந்திரங்களில் அவற்றின் மீது மோதும் வாயுவின் வெப்பநிலையோ 1,500 பாகையைத் தாண்டுகின்றது. உள்ளே செலுத்தப்படும் குளிர்காற்றும் மேலே பூசப்படும் மெல்லிய பீங்கான் படையுமே அலகுகளைக் காக்கின்றன. சிர்கோனியம் ஒட்சைட்டுடன் சிறிதளவு யிற்றியம் ஒட்சைட்டைச் சேர்த்து இப்பூச்சு தயாரிக்கப்படுகின்றது. ஆயினும், 1,200 பாகைக்கு மேல் அது நெடுங்காலம் நிலைப்பதில்லை. காற்றோடு உட்புகும் தூசியும் உருகி அதனை அரித்துவிடுகின்றது. மாற்றாகக் கருதப்படும் அருமண் சேர்வைகள் சில விலை மிக்கவை. 2025 ஏப்ரலில் யிற்றியம் உட்பட ஏழு அருமண் மூலகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தமை இக்கவலையை மேலும் அதிகரித்தது.

எனவேதான் மலிவான சேர்வைகளை ஆய்வாளர்கள் கணினி மூலம் தேடுகின்றனர். ஒவ்வொன்றையும் சூளையில் சுட்டுப் பார்ப்பதாயின் ஆண்டுகள் பல கழியும். கணினியோ அணுக்களின் அமைப்பிலிருந்து வெப்பக் கடத்துதிறன், விரிவு, உறுதி ஆகியவற்றைக் கணித்துப் பொருந்தாதவற்றைக் கழித்துவிடுகின்றது. எஞ்சும் சிலவே சூளைக்குச் செல்கின்றன. இத்தகைய கணிப்புகளுக்கு அடிப்படையான கோட்பாட்டை வகுத்தமைக்காக வோல்ட்டர் கோன் 1998இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அமெரிக்காவில் 2011இல் தொடங்கப்பட்ட 'மெற்றீரியல்ஸ் புரொஜெக்ட்' தரவுத்தளத்தை எந்நாட்டவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இதில் எமக்கென்ன என்று கேட்கலாம். சிர்கோனியத்தின் மூலக்கனிமமான சிர்கோன் எமது புல்மோட்டை மணலில் உண்டு. அது பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது. 2005இல் பதுளை, பசறை வீதியில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கனிய வளங்கள் பற்றிய பட்டப்படிப்பை நடத்துகின்றது. மூலப்பொருளும் கல்விக்கூடமும் எம்மிடம் உள்ளன. ஆனால், அதன் அயலிலுள்ள பெருந்தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணித பாடங்களுக்குத் தமிழ்மொழி மூல ஆசிரியர் பற்றாக்குறை நீண்டகாலமாகத் தொடர்கின்றது.

விலையுயர்ந்த ஆய்வுகூடம் இல்லாதவர்களும் பங்கெடுக்கக்கூடிய ஆய்வுத்துறை இது. எனினும், இலவசத் தரவுகள் ஆசிரியரின் இடத்தை நிரப்பமாட்டா. தோட்டப் பிள்ளைகளும் இத்தேடலில் இணைய வேண்டுமாயின், முதலில் அவர்களின் வகுப்பறைகளுக்கு பௌதிகவியல், இரசாயனவியல், கணித ஆசிரியர்களை அனுப்ப வேண்டும். மத்திய, மாகாணக் கல்வி அதிகாரிகள் இதில் இனியும் தாமதிக்கலாகாது.