ஸ்கிரீன்ஷாட்டில் விழாத பச்சைக் கோடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் என் மச்சினன் மகன் புது போன் வாங்கி ஆறாவது நாள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பார்த்தால், திரையில் மேலிருந்து கீழ்வரை தலைமுடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. பதினெட்டாயிரம் ரூபாய் போன், முதல் தவணைகூட இன்னும் கட்டவில்லை. "மாமா, அப்டேட் போட்டா போயிடுமா?" என்று கேட்டான்.

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். கோடு இல்லாமல் சுத்தமாக வந்தது. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் என்பது நினைவகத்தில் இருக்கும் படத்தின் நகல். திரைக்குப் போவதற்கு முந்தைய நிலை. படம் சரி, திரை தவறு என்றால் கோளாறு அதற்கு அப்பால்தான் இருக்கிறது. போனை அணைத்துப் போட்டபோது, ஆண்ட்ராய்டு எழும்பும் முன்பே வரும் லோகோவின் மேலும் அதே கோடு. இதற்குப் பிறகு ஃபேக்டரி ரீசெட் எல்லாம் வீண் வேலை. (சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வார்கள்.)

ஏன் புள்ளியாக இல்லாமல் கோடாக வருகிறது? 1080 x 2400 திரையில் 25,92,000 பிக்சல்கள். ஒரு பிக்சல் செத்தால் ஒரு புள்ளிதான் தெரியும். ஆனால் அமோலெட் திரையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மின்னழுத்தம் கொண்டுவர ஒரு மெல்லிய கம்பி உண்டு. டிரைவர் சிப்பிலிருந்து வரும் அந்தக் கம்பிகள், திரையின் கீழ் விளிம்பில், மின்கடத்தும் துகள்கள் கலந்த ஒருவகைப் பசையால் ஒட்டப்படுகின்றன. அந்த ஒட்டில் ஒரே ஒரு இணைப்பு விட்டாலும் வரிசை முழுக்கப் போய்விடும்.

கம்பி போனால் இருட்டாகத்தானே ஆக வேண்டும் என்று தோன்றும். அமோலெட்டில் பெரும்பாலும் பி-வகை டிரான்சிஸ்டர். வரும் மின்னழுத்தம் குறையக் குறைய வெளிச்சம் கூடும். அதனால்தான் கோடு பளீரென்று எரிகிறது. பச்சைக்கும் காரணம் உண்டு. பரவலாக உள்ள அமைப்பில் சிவப்பும் நீலமும் மாறி மாறி ஒரே வரிசையில் வரும், பச்சைக்கு மட்டும் தனி வரிசை. சிவப்பு-நீல வரிசை போனால் கோடு இளஞ்சிவப்பாகத் தெரியும்.

ஒட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பமும் ஈரப்பதமும்தான். ஒன்பிளஸ் நிறுவனம் 2024-ல் இந்தியாவில் பச்சைக் கோட்டுக்கு ஆயுள்கால வாரண்டி அறிவித்தபோது, விளிம்பில் புதிய பாதுகாப்புப் பூச்சு என்றும், 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் சோதனை என்றும் சொன்னது. அப்டேட் போட்டதும் கோடு வந்தது என்று பலர் சொல்வதும் இதனால்தான் என்பது என் ஊகம்: அப்டேட்டின்போது போன் நெடுநேரம் சூடாகிறது, ஏற்கெனவே தளர்ந்திருந்த ஒட்டு விட்டுக்கொடுக்கிறது.

சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையாக, "அழுத்தம் பட்டிருக்கு, பிசிகல் டேமேஜ், எட்டாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். அதையே ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல் என்றேன். எழுதவில்லை, "பரிசோதனைக்கு" என்று மட்டும் போட்டார்கள். அதற்குள் கடையின் ஏழு நாள் மாற்றும் கெடு முடிந்துவிட்டது.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் திருவள்ளூரில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்கும் மின்சார ரயில் உண்டு, திருவள்ளூருக்கும் உண்டு. ஆனால் வேறு வேறு தடம், சென்னைப் பக்கம் போய் மாறித்தான் வர வேண்டும். ஒரு நாள் சம்பளம் போச்சு. இதற்குப் பயந்தே பலர் எட்டாயிரத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, போன் எந்த ஊர்க் கடையில் வாங்கியதானாலும் நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம். இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், காணொலி விசாரணை கேட்கவும் வழி இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவில்லை. டீ இடைவேளையில் 1915-க்குப் போன் போட்டு, பில், ஜாப் ஷீட், கோடு தெரியும் போட்டோ, கோடு இல்லாத ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் புகாரோடு சேர்த்தான். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து அழைப்பு. பேனலை இலவசமாக மாற்றினார்கள். புது போன் கேட்டதற்கு முடியாது என்றுவிட்டார்கள். மாற்றிய பேனலுக்கு வாரண்டி எதுவரை என்று தேதி போட்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். அந்தத் தாளைப் போன் டப்பாவுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறான். தவணை இன்னும் பதினொன்று பாக்கி.