வீட்டுத் திரையும் புரொஜெக்டரும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் பஜார் சாலையை ஒட்டிப் பழைய பண்டகசாலைகள் பல நிற்கின்றன. மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டைகளாக அடுக்கப்பட்டிருந்த இக்கட்டடங்களிற் சில, 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி–முசிரிஸ் பியென்னாலே என்னும் கலைக்காட்சியின் பயனாகப் புதியதொரு வாழ்வு பெற்றன. 2018-இல் தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் சலனப்பட அமைப்பு ஒன்று இங்குள்ள ஆனந்த் பண்டகசாலையில் காட்டப்பட்டது. அருகருகே அமைந்த எட்டுத் திரைகளில் நிழலுருவங்கள் ஊர்வலமாகச் சென்றன. இத்தகைய காட்சியைக் காண்போர் பெரும்பாலும் கருவியின் திறனையே வியப்பர். கட்டடம் இருட்டாக இருந்தமையைக் கருதுவோர் சிலரே.

வீட்டிலும் அத்தகைய திரை ஒன்றை அமைத்துக்கொள்ள விரும்புவோர் இக்காலத்தில் பெருகி வருகின்றனர். அவர்கள் கடைக்குச் சென்றவுடன் எழுப்பும் முதல் வினா, 'இக்கருவி எத்தனை லூமன்?' என்பதாகும். வினா பிழையானதன்று. ஆயினும் அதற்கு முன்னர் எழுப்ப வேண்டிய வினா வேறு ஒன்று உண்டு.

புரொஜெக்டர் ஒளியை மட்டுமே வீச வல்லது. இருளை வீச எந்தக் கருவியாலும் இயலாது. திரையில் கருமையாகத் தோன்ற வேண்டிய பகுதியில் கருவி ஒளி வீசாது விட்டுவிடுகிறது. அப்போது அவ்விடத்தில் தெரிவது அறையிலுள்ள வெளிச்சத்தில் திரை எவ்வாறு தோன்றுமோ அதுவே. ஆகவே பகலில் வெண்மையாகத் தெரியும் திரை, படத்தின் நள்ளிரவுக் காட்சியிலும் வெண்மையாகவே தெரியும்.

இதனைக் கணக்கிட்டுக் காண்பது எளிது. மூலைக்கு மூலை 100 அங்குலம் அளவுள்ள அகலத்திரையின் அகலம் சுமார் 2.2 மீட்டர்; பரப்பு 2.75 சதுர மீட்டர். 1,000 லூமன் ஒளியை அதன்மீது பரப்பினால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 363 லக்ஸ் கிடைக்கும். அறையின் ஜன்னல் வழியாக 100 லக்ஸ் வெளிச்சம் திரைமேல் விழுவதாகக் கொள்வோம். அப்போது மிக வெண்மையான பகுதி மிகக் கரிய பகுதியைவிட நாலரை மடங்கே பிரகாசமாயிருக்கும். படம் வெளுத்துப் போயிற்று என்று வருந்தி 3,000 லூமன் கருவியை வாங்கினால் இவ்விகிதம் 12 மடங்காகும். அதற்கு மாறாக, பழைய கருவியையே வைத்துக்கொண்டு, தடித்த திரைச்சீலையால் ஜன்னலை மூடி, அறை வெளிச்சத்தை 5 லக்ஸாகக் குறைத்தால் விகிதம் ஏறக்குறைய 70 மடங்காக உயர்கிறது. திரைச்சீலையின் விலையையும் புதிய கருவியின் விலையையும் ஒப்பிட்டுக் கொள்வது வாசகர் பொறுப்பு.

இங்கே ஆசிரியர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். 2018-இல் கேரள அரசு தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளில் புரொஜெக்டர் வசதி செய்யப்பட்டது. பள்ளியில் நன்கு பயன்படும் கருவியை ஏன் வீட்டிற்கும் வாங்கலாகாது? வகுப்பறையில் மாணவர் குறிப்பெழுத வேண்டும். ஜன்னலை முற்றிலும் மூட இயலாது. காட்டப்படுவனவோ பெரும்பாலும் எழுத்தும் வரைபடமும் ஆகும். எனவே அங்கு மிகுந்த பிரகாசம் தேவை. கருமையின் ஆழம் அத்துணை தேவையன்று. வீட்டில் நிலைமை இதற்கு நேர் எதிரானது. திரையரங்கிற்கு ஏற்கப்பட்ட பிரகாச அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. மேற்கூறிய திரையில் அதனை எய்துவதற்குச் சுமார் 415 லூமன் போதுமானது. விளக்கு நாளடைவில் மங்குவதையும் கருதி இரு மடங்கிற்குச் சற்று மேலாக 1,000 லூமன் என்று கொள்ளலாம். நன்கு இருண்ட அறையில் 3,000 லூமன் கருவியை முழு வேகத்தில் இயக்கினால் திரையரங்கைப்போல் ஏழு மடங்கு பிரகாசம் உண்டாகிக் கண் சோர்வடையும்.

மேலும், பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட லூமன் எண்கள் யாவும் ஒரே முறையில் அளக்கப்பட்டவை அல்ல. 'ஆன்சி' முறையில் திரையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் ஒளியை அளந்து சராசரி காண்பர். மலிவான சிறு கருவிகள் சிலவற்றிலோ, திரையை அடையும் ஒளியன்றி உள்ளிருக்கும் விளக்கின் ஒளியே எண்ணாகத் தரப்படுகிறது. 'ஆன்சி' அல்லது 'ஐ.எஸ்.ஓ.' என்னும் சொல் இல்லாத எண்ணை நம்பிப் பணம் கொடுத்தல் தகாது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது அறையின் நீளம். கருவிக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை ஒவ்வொரு கருவியின் விவரத்தாளிலும் காணலாம். அது 1.5 என்றிருப்பின் 2.2 மீட்டர் திரைக்கு 3.3 மீட்டர் தூரம் வேண்டும். மட்டாஞ்சேரியின் நெருக்கமான தெருக்களிலுள்ள பழைய வீடுகளில் இது எப்போதும் கிட்டுவதில்லை. சுவரிலிருந்து அரை மீட்டரில் வைத்து இயக்கத்தக்க கருவிகளும் உள. ஆனால் அவற்றின் ஒளி சுவரை மிகச் சாய்வாகத் தொடுவதால், சுண்ணாம்புச் சுவரின் சிறு மேடுபள்ளமும் படத்தில் நெளிவாகத் தெரியும். அவற்றிற்கு விறைப்பான தனித்திரை இன்றியமையாதது.

நுணுக்கத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. நல்ல கண் ஒரு கலையளவு கோணத்தைப் பிரித்தறியும். அதன்படி 1,920 புள்ளிகள் கொண்ட படத்தை 2.2 மீட்டர் திரையில் நான்கு மீட்டருக்கு அப்பால் அமர்ந்து காண்பவருக்குப் புள்ளிகள் தனித்துத் தோன்றா. அதைவிட அருகில் அமர்வோருக்கே 3,840 புள்ளிகளால் பயன் உண்டு.

கருவியின் உள்ளமைப்பு பெரும்பாலும் இருவகை. 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லில், இலட்சக்கணக்கான கண்ணாடிகள் சாய்ந்தும் நிமிர்ந்தும் படத்தை உண்டாக்குகின்றன. ஒற்றைச் சில்லுக் கருவிகளில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுவதால், சிலருக்கு மட்டும் ஓரங்களில் வானவில் தெறிப்பது போலத் தோன்றும். மற்றது மூன்று திரவப்படிகத் தகடுகளைக் கொண்டது. இதில் அக்குறை இல்லை. எதனை வாங்குவதாயினும் வீட்டார் அனைவரும் கடையில், விளக்கை அணைக்கச் செய்து, கால்மணி நேரமேனும் பார்த்தல் நலம். பாதரச விளக்கு 4,000 மணி நேரம் உழைக்குமெனில், நாளொன்றுக்கு மூன்று மணி வீதம் நான்காண்டுக்குள் மாற்ற நேரிடும். லேசர் ஒளி பாதியாகக் குறைய 20,000 மணி ஆகும் என்பது தயாரிப்பாளர் கூற்று.

இனி ஈரத்தைப் பற்றிக் கூறுவோம். கடற்கரை ஊர்களில் கருவிகளின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது இதுவே. பெரும்பாலான புரொஜெக்டர்கள் 80 சதவீத ஈரப்பதம் வரையிலேயே இயங்கத் தக்கவை. இடவப்பாதி மழைக்காலத்தில் கொச்சிக் காற்று அவ்வளவைத் தாண்டுவது வழக்கம். பல வாரங்கள் இயக்காது மூலையில் வைக்கப்பட்ட கருவியின் லென்சில் பூஞ்சணம் வலைபோற் படர்கிறது. அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. மழைக்காலத்தில் வாரம் இருமுறையேனும் அரைமணி நேரம் கருவியை இயக்குவதே எளிய பரிகாரம். உள்வெப்பம் ஈரத்தை ஓட்டும். பயன்படாத வேளையில், நன்கு குளிர்ந்த பின்னர், சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் வைக்கலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொணர்ந்த கருவியில் நீர் கோத்திருக்கும். ஒரு மணி நேரம் கழியுமுன் மின்சாரம் கொடுத்தல் ஆகாது. காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை தூசி போக்குக.

துலாவர்ஷ மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. மின்னழுத்தச் சீராக்கி இருப்பினும், வானம் இருண்டவுடன் கருவியின் இணைப்பையும், அதனுடன் சேர்ந்த கேபிள் கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். லேசர் கருவி உள்ள வீடுகளில், அது இயங்கும்போது குழந்தைகள் லென்சுக்குள் உற்று நோக்காவண்ணம் அதனை உயரமான இடத்தில் பொருத்துதல் அவசியம்.